கத்தரிக்காய்க் கலர் பூட்ஸ்

என் அக்கா வீட்டுக்காரர் இருபது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டியவர். அவர் அந்த வேலையை விட்ட கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

ஒரு நாள் மதியம், பஸ் நிறைய ஆட்கள். சிக்னலில் பிரேக் போட்டிருக்கிறார். பஸ் நின்றுவிட்டது. நின்ற பிறகு, கால் பிரேக்கின் மேல்தான் இருக்கிறதா என்று அவர் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. கால் இருக்கிற இடத்தைக் கால் சொல்லவில்லை, கண்தான் சொன்னது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. யாரும் கவனிக்கக்கூட இல்லை. அடுத்த நிறுத்தத்தில் எல்லோரையும் இறக்கிப் பின்னால் வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டார். டிப்போவுக்குப் போன் போட்டு வேறு டிரைவரை வரவழைத்து, சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மாமாவின் வாழ்க்கையில் யாரும் சொல்லாமல் தானாக எடுத்த நல்ல முடிவு அது ஒன்றுதான் என்று அக்கா வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சர்க்கரை நோய். பாதங்கள் இரண்டும் மரத்துப் போய்விட்டன. டிப்போவில் அவருக்கு ஒரு நாற்காலியும் மைக்கும் கொடுத்தார்கள். எந்தப் பஸ் எங்கே நிற்கிறது என்று அறிவிக்கிற வேலை. அதில் சேர்ந்து கொஞ்ச காலத்திலேயே, ஷூவுக்குள் ஒரு பாட்டில் மூடி கிடந்ததே தெரியாமல் ஒரு பகல் முழுக்க நடந்திருக்கிறார். சாயங்காலம் சாக்ஸைக் கழற்றிப் பார்த்தது அக்காதான். இடது காலில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. "இந்தத் தடவை விரலோட போச்சு. அடுத்த தடவை எதுவரைக்கும் போகும்னு என்னால சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து அக்கா தினமும் டார்ச் அடித்து அவர் உள்ளங்காலைப் பார்ப்பாள். அவள் சோபாவுக்கு உறை தைக்கிறவள். வீட்டின் முன்னறைதான் பட்டறை. அவள் தலைமுடியில் எப்போதும் பஞ்சுத்தூள் ஒட்டியிருக்கும். அந்த முடியோடு அவர் காலடியில் குந்திக்கொண்டு விரல் இடுக்கு ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். மாமாவோ கூரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கென்னடி, கல்லு மாதிரி இருக்கேன்" என்பார். "கல்லு மாதிரி இருக்கறதுதாங்க பிரச்சினையே" என்பாள் அக்கா.

அவர்களுக்கு ஒரே மகள். என்னைவிட உயரமாக வளர்ந்த பிறகும் எங்களுக்கு அவள் பொடிசுதான். ஒரு குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறாள். சின்னச் சின்ன அரங்குகளிலேயே வாசித்துக்கொண்டிருந்தவளுக்கு முதல்முறையாகப் பெரிய மேடை கிடைத்தது. ஊருக்கு வெளியே, கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்வெளி, திறந்தவெளி இசைவிழா. வீடே தலைகால் புரியாமல் ஆடியது. அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. விடவேயில்லை.

போனில் பொடிசே அழைத்தாள். "அப்பா, நீ வராதப்பா. இங்க முழங்கால் வரைக்கும் சேறு. மேடை போடறவங்களே வழுக்கி விழறாங்க. நான் வீடியோ அனுப்பறேன்."

"சரிம்மா, சரிம்மா" என்று போனை வைத்தவர், வைத்த கையோடு, "நான் போறேன்" என்றார்.

அக்கா தையல் மெஷினை நிறுத்தினாள். "எங்க போறீங்க?"

"எம் பொண்ணு வாசிக்கிற இடத்துக்கு."

"அந்தச் சேத்துல என்னென்ன கெடக்கும்னு தெரியுமா? ஒரு ஆணி போதும். ஒரு கண்ணாடித் துண்டு போதும்."

"பூட்ஸ் போட்டுக்கிறேன்."

"பூட்ஸே கடிக்கும். கடிச்சா உங்களுக்குத் தெரியுமா?"

இரண்டு நாள் அக்கா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நான் பிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். என் வேனில்தான் எல்லோரும் போக வேண்டும் என்பதால் இரண்டு பக்கத்திலிருந்தும் என்னை இழுத்தார்கள். கடைசியில் அக்காதான் இறங்கி வந்தாள். ஆனால் ஒரு நிபந்தனையோடு. "பூட்ஸை நான்தான் பாத்து எடுப்பேன். எனக்குத் திருப்தியா ஒண்ணு கெடைச்சாப் போலாம். கெடைக்கலன்னா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

விழாவுக்கு முந்தின நாள் கடைக்குப் போனோம். ஊரில் பாதிப்பேர் எங்களுக்கு முன்னால் வந்து போயிருந்தார்கள். நீர் புகாத பூட்ஸ் அடுக்கியிருந்த அலமாரி ஏறக்குறைய காலி. கடையில் வேலை செய்த பெண் உள்ளேயிருந்து மூன்றே மூன்று ஜோடிகளைக் கொண்டுவந்து வைத்தாள். "இந்த சைஸ்ல இவ்வளவுதான் சார் இருக்கு."

முதலாவது முழங்கால் வரை ஏறும் கறுப்பு ரப்பர் பூட்ஸ். மாமா காலை விட்டார், எழுந்தார், நாலு அடி நடந்தார். "கச்சிதமா இருக்கு. பில் போடும்மா."

"கழட்டுங்க" என்றாள் அக்கா. தன் கையை அதற்குள் முழங்கை வரை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். உறைக்குள் துணி எங்கே மடங்குகிறது என்று பார்க்கிற அதே தடவல். "குதிகால்கிட்ட உள்துணி ஒட்டின இடம் மேடு தட்டியிருக்கு. இது ஆகாது."

இரண்டாவது தோல் பூட்ஸ். கணுக்காலுக்குச் சற்று மேலே வரும், கயிறு கட்டுவது. உள்ளே வழவழவென்று இருந்தது. அக்கா மறுப்புச் சொல்லவில்லை. கடைக்காரப் பெண் குனிந்து முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். "சார், விரல் முட்டுதா?"

"இல்லம்மா."

"சைடுல இறுக்குதா?"

"இல்லம்மா, மெத்தை மாதிரி இருக்கு."

"எங்கயாவது லேசா உறுத்துதா, சொல்லுங்க."

"அவருக்கு எதுதாம்மா உறுத்தியிருக்கு!" என்று அக்கா வெடித்தாள். குரல் உடைந்துவிட்டது. "பாட்டில் மூடி ஒரு நாள் முழுக்கக் குத்தினது உறுத்தல. விரலை வெட்டினது உறுத்தல. அவரப் போயி கேக்கறியே!"

கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமா முகம் செத்துவிட்டது. சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் போடவில்லை. பூட்ஸின் முனையையே பார்த்துக்கொண்டு, மெதுவாக, "ஆமாம்மா. எனக்குத் தெரியாது. காலுல உணர்ச்சி இல்ல" என்றார். இத்தனை வருஷத்தில் வெளியாள் ஒருவரிடம் அவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தப் பெண் அக்கா பக்கம் திரும்பினாள். "அப்ப நாம சாரைக் கேக்க வேணாம்க்கா. தோலைக் கேப்போம்" என்றாள். "போட்டுக்கிட்டுக் கொஞ்ச நேரம் கடைக்குள்ளயே நடக்கட்டும். கழட்டிட்டுப் பாப்போம். எங்க செவக்குதோ அங்க கடிக்குது."

அப்படித்தான் ஆரம்பித்தது. மாமா பூட்ஸோடு குழந்தைகள் செருப்புப் பக்கம் போய், பைகள் தொங்கும் மூலை வழியாகத் திரும்பி, மறுபடி போய் வந்தார். நாங்கள் மூவரும் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். கழற்றினார். அக்கா டார்ச் அடித்தாள். சுண்டுவிரலின் பக்கவாட்டில் சிவப்பாக ஒரு கோடு.

"லேசாத்தானே இருக்கு" என்றார் மாமா.

"கடைக்குள்ள லேசு. அங்க நாள் பூரா" என்றாள் அக்கா. எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். "கெளம்பலாம்."

"இன்னொண்ணு இருக்கேக்கா" என்றாள் அந்தப் பெண், கொஞ்சம் கூச்சத்தோடு. மூன்றாவது ஜோடியை யாரும் தொடவே இல்லை. காரணம் நிறம். பளபளவென்று கத்தரிக்காய் ஊதா. பாதி கெண்டைக்கால் வரை வரும், முன்பக்கம் அகலம், உள்ளே கனமான மெத்தைத் துணி, மேலே இறுக்கிக்கொள்ள ஒரு பட்டை. பாதம் அகலமானவர்களுக்கென்று வந்ததாம். அந்த நிறத்தைக் கண்டு ஒருவரும் வாங்கவில்லையாம்.

"இதப் போட்டுக்கிட்டுப் போனா மேடையைப் பாக்காம எல்லாரும் என்னைத்தான் பாப்பாங்க" என்றார் மாமா.

"பாக்கட்டும் மாமா. தொலைஞ்சு போனீங்கன்னா கண்டுபிடிக்கச் சுலபம்" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. உள்ளே கை விட்டாள், அடித்துணியை உருவி வெளியே எடுத்து இரண்டு பக்கமும் தடவினாள், திரும்ப வைத்தாள். மாமா நடந்தார். போதும் என்று அவரே நின்றபோது, "இன்னொரு சுத்து" என்றாள். கழற்றியதும் இரண்டு பாதங்களையும் மடியில் வைத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். சிவப்பு இல்லை. மறுபடியும் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து, தோற்றுப்போனவள் மாதிரி, "சரி" என்றாள்.

மறுநாள் மழை தூறலாக இருந்தது. வேனை நிறுத்திய இடத்திலிருந்தே சேறு ஆரம்பித்தது. சாதாரணச் சேறு இல்லை. ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்து, களிம்பு மாதிரி பிடித்து இழுக்கிற சேறு. அக்கா ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்துக்கொண்டோம். மாமா ஒவ்வொரு அடியையும் குனிந்து கண்ணால் பார்த்தே வைத்தார். அவர் நடை அதுதான். பலகை போட்ட பாதை மேடைக்குப் பாதிவழியிலேயே முடிந்துவிட்டது.

"இங்கயே நின்னு பாப்போம்" என்றாள் அக்கா.

"இங்கிருந்து அவ எறும்பு மாதிரி தெரிவா. இன்னும் கொஞ்சம்."

"வேணாங்க."

"நாலே அடி."

அந்த நேரம் ஒலிபெருக்கியில் பொடிசின் குழுவின் பெயரைச் சொன்னார்கள். கூட்டம் ஓவென்று கத்தி முன்னால் நகர்ந்தது. பின்னால் இருந்தவர்கள் தள்ளியதில் என் பிடி விட்டது. மாமா இரண்டு அடி முன்னால் போய்விட்டார். இடது பூட்ஸ் கெண்டைக்கால் வரை புதைந்தது. வெடுக்கென்று இழுத்தார். பட்டை அவிழ்ந்தது. பூட்ஸ் அங்கேயே நின்றது, கால் வெளியே வந்தது. அது வந்ததே அவருக்குத் தெரியவில்லை. மேடையைப் பார்த்தபடி சாக்ஸ் போட்ட காலைச் சேற்றில் ஊன்றி, இன்னொரு அடி வைத்து, இன்னொன்றும் வைத்தார்.

"கால்! ஏங்க, கால்!" என்று அக்கா அலறினாள்.

அவர் குனிந்து பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். நான் போய் அவரைத் தாங்கிக்கொண்டேன். அக்கா முட்டி போட்டு இரண்டு கையாலும் பூட்ஸைப் பிடுங்கினாள்.

மேடையில் விளக்குகள் எரிந்தன. டிரம்ஸுக்குப் பின்னால் பொடிசு வந்து உட்கார்ந்தாள். கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கூட்டத்தில் யாரையோ தேடினாள். அது தெரிகிற தூரத்தில்தான் இருந்தோம். காலைத் துடைத்து, பூட்ஸை மாட்டிக்கொண்டு, ஒரு பாட்டாவது கேட்டுவிட்டுப் போகலாம் என்று மாமா சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன் என்பார். அக்காவும் அதற்குத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மாமா மேடையை ஒருமுறை பார்த்தார். "முதலுதவி டென்ட் எங்கடா மாப்ள இருக்கு?" என்றார். "தூக்கிட்டுப் போயிடு. இந்தக் காலைக் கீழ வைக்க வேணாம்."

அவரை முதுகில் உப்பு மூட்டையாகத் தூக்கிக்கொண்டேன். நான் வழுக்கினால் இரண்டு பேரும் போய்ச் சேர வேண்டியதுதான். அக்கா பூட்ஸைக் கையில் ஏந்திக்கொண்டு, "தள்ளுங்க, தள்ளுங்க" என்று வழி உண்டாக்கிக்கொண்டே முன்னால் போனாள். எங்களுக்குப் பின்னால் டிரம்ஸில் பொடிசின் முதல் அடி விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

டென்ட்டில் இருந்த நர்ஸ் சாக்ஸை வெட்டி எடுத்தார். தண்ணீர் ஊற்ற ஊற்றச் சேறு பழுப்பாக ஓடியது. பிறகு சிவப்பாக ஓடியது. உள்ளங்காலில் டின் மூடி கிழித்த மாதிரி ஒரு வெட்டு.

"வலிக்குதா?"

"இல்லம்மா."

"அதாங்க பயமே" என்றார் நர்ஸ். வேகமாகக் கழுவினார், மருந்து வைத்தார், கட்டினார். "இங்கிருந்து நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. வீட்டுக்குப் போயிட்டு அப்புறம் போலாம்னு நினைக்காதீங்க."

நான் வேனை எடுத்து வர ஓடினேன். திரும்பி வந்தபோது மாமா கட்டிலில் படுத்திருந்தார். டிரம்ஸ் சத்தம் டென்ட் துணியை உலுக்கிக்கொண்டிருந்தது. "தரை அதிருதாடி?" என்று அக்காவிடம் கேட்டார். அவள் அவர் கையை எடுத்து, டென்ட்டைத் தாங்கிய இரும்புக் கம்பியில் வைத்தாள். பாட்டு முடியும்வரை அவர் அந்தக் கையை எடுக்கவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் மோசம். காயம் முதல் வாரம் வாய் மூடவில்லை. ஓரம் கறுத்தது. ஒவ்வொரு தடவை கட்டுப் பிரிக்கும்போதும் அக்கா டாக்டரின் வாயைப் பார்க்க மாட்டாள், புருவத்தைப் பார்ப்பாள். ஒரு நாள் அந்தப் புருவம் சுருங்கியது. "இன்னும் ரெண்டு நாள் பாப்போம்" என்றார் டாக்டர். அந்த இரண்டு நாளும் அக்கா தைக்கவில்லை. பொடிசு வீட்டுக்குள் நுனிக்காலில் நடந்தாள். "நான் வாசிச்சதாலதான" என்று என்னிடம் வந்து அழுதாள். மாமா மட்டும் எதையும் மறைக்கவில்லை. காலையில் எழுந்ததும் தானே காலை நீட்டி, "பாருடி, நேத்தைக்கு இன்னைக்கு எப்படி இருக்கு?" என்றார்.

மூன்றாம் நாள் ஓரத்தில் ரோஜா நிறத்தில் புதுத் தோல் தெரிந்தது. "அன்னைக்கே வந்தீங்களே, அதான் காப்பாத்திச்சு" என்றார் டாக்டர். முழுசாக மூட மாதக்கணக்கு ஆயிற்று. ஆனால் மூடிவிட்டது.

கடைசிக் கட்டைப் பிரித்த அன்று நான் வீட்டுக்குப் போனபோது, முன்னறையில் தைக்க வைத்திருந்த சோபாக்களை ஓரங்கட்டிவிட்டுப் பொடிசு டிரம்ஸைப் பரப்பியிருந்தாள். மாமா எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அன்று அவர் பார்க்காததை முதலிலிருந்து வாசித்தாள். இரண்டாவது பாட்டிலேயே பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். பொடிசு குச்சியைத் தூக்கியபடி அம்மாவைப் பார்த்தாள்.

அக்கா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். "நீ அடி" என்றாள்.