மேல் வில்லையில் அடித்த நெடி

ஆய்வுக்கூடத்தில் அவளைச் சேத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஏரியின் அடியில் குழாய் இறக்கி எடுத்து வரும் சேற்றை, வெள்ளரிக்காய் நறுக்குவதுபோல வில்லை வில்லையாக நறுக்கிப் பொட்டலம் கட்டுவது அவள் வேலை. மேல் வில்லை நேற்றைய சேறு. கீழே போகப் போகப் பழைய காலம். முகர்ந்து பார்க்கக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. யார் கேட்டார்கள்? அவள் முகர்வாள்.

அவள் ஊர் ஏரியின் சேற்றில் ஓர் அடுக்கு உண்டு. அதற்கு மேலும் கீழும் புழு குடைந்த தடங்கள். அதில் மட்டும் ஒன்றுமே இருக்காது, வழவழவென்று கிடக்கும், மருந்து நெடி அடிக்கும். பிற்பாடு தடை செய்யப்பட்ட பூச்சிமருந்தின் காலம் அது. அவள் தம்பி செத்ததும் அப்போதுதான். ஏரியில் குளித்துவிட்டு வந்த சின்னப் பயலுக்கு வலிப்பு கண்டது, விடிவதற்குள் போய்விட்டான்.

அப்பா தோட்டங்களுக்கு மருந்தடித்தவர். தெளிப்பான் டேங்கை ஏரியில் கழுவினீர்களா என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள்.

"வாய்க்கால்லதாம்மா கழுவுவேன். ஏரிப் பக்கமே போனதில்ல" என்பார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் அவரோடு ஒரே வீட்டில் இருந்தாள்.

இந்தத் தடவை குழாயை நறுக்கியபோது மேல் வில்லையிலேயே அந்த நெடி மூக்கில் ஏறியது. புழுத் தடம் இல்லை. சோதனையும் அந்த மருந்துதான் என்றது.

தலைமை ஆய்வாளர் சிரித்தார். "குழாயைத் தலைகீழா வச்சு நறுக்கிட்டீங்க சேத்தக்கா. எப்பவோ தடை பண்ணின மருந்து எப்படி மேல வரும்?"

இந்தத் தொழிலில் எல்லாரும் ஒருமுறையாவது செய்கிற தப்பு. அவளும் அப்படியே இருக்கட்டும் என்று ஆசைப்பட்டாள். மேல்பக்கத்துக்குச் சிவப்பு மூடி போட்டு மறுபடி ஒரு குழாய் எடுத்து வந்தார்கள். சிவப்பு மூடியைத் திறந்ததுமே அதே நெடி.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் கொடியில் கிடந்த அப்பாவின் சட்டையை எடுத்தாள். சட்டைக் கையெல்லாம் ஈரம். முகர்ந்தாள். அதே நெடி. கொஞ்ச நாளாகவே அப்பாவுக்கு நினைவு தடுமாறிக்கொண்டிருந்தது. எந்த வருஷத்தில் இருக்கிறார் என்று அவருக்கே தெரியாது. பின்னால் கொட்டகை திறந்து கிடந்தது. மூலையில் கிடந்த பழைய மருந்து டின்னைக் காணோம், தெளிப்பானையும் காணோம்.

ஏரிக்கு ஓடினாள். முழங்கால் தண்ணீரில் நின்று அப்பா டேங்கை அலசிக்கொண்டிருந்தார். குலுக்கினார், கவிழ்த்தார், மறுபடி முக்கினார். கைக்கு எல்லாம் நினைவிருந்தது. பால் கொட்டியதுபோல ஒரு வெள்ளைத் திட்டு அவர் காலைச் சுற்றி விரிந்தது. கரையில் ஒரு தவளைகூடக் கத்தவில்லை.

"மேல வாங்கப்பா."

திரும்பினார். அவளிடத்தில் அம்மாவைப் பார்த்தார் போலிருக்கிறது. "இதோ ஆச்சு. சின்னவனை இங்க குளிக்க விடாத. நேத்தே சொல்லணும்னு நெனச்சேன், மறந்துட்டேன்."

அவள் செருப்போடு தண்ணீரில் இறங்கி, அவர் கையிலிருந்து டேங்கை வாங்கினாள்.

"சரிங்க" என்றாள். "விடல."