மதினி விட்ட இடைவெளி

எங்கள் மதினியின் டிஜிட்டல் பியானோ முதன்முதலாக ஊருக்குள் வந்தபோது அதை இஸ்திரி மேசை என்றுதான் பாதிப் பேர் நினைத்தார்கள். மதுரை விளாங்குடியிலிருந்து லோடு ஆட்டோவில், பூப்போட்ட போர்வை சுற்றி, சீர்ப் பாத்திரங்களுக்கும் மெத்தைக்கும் நடுவில் படுத்தபடி வந்தது. டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பருத்தியும் சோளமும் போட்டுப் பிழைக்கிற சனம். மணப்பெண்ணைப் பார்க்க வந்த பெண்கள் மணப்பெண்ணை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன் மதினி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு கீபோர்டு சொல்லிக்கொடுத்தவர். நான் அவருடைய ஒரே நாத்தனார். காளவாசலில் கல்யாண வீடியோ எடிட் செய்கிற கடையில் அப்போதும் வேலை, இப்போதும் அதே வேலை. கம்ப்யூட்டர் என்றால் குடும்பத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற மிதப்பு அப்போது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

மதினி வந்த மறுவருஷம் அம்மன் கோயில் முளைப்பாரிக்கு ஒரு சிக்கல் வந்தது. சட்டிகளில் பயறு முளைத்து வளரும் நாட்களில் சாயங்காலந்தோறும் பெண்கள் கோயில் முன்னால் வட்டம் கட்டிக் கும்மி அடிப்பார்கள். முன்பாட்டு எப்போதும் பெரியம்மாதான், மற்றவர்கள் பின்பாட்டு. அந்த வருஷம் பெரியம்மாவுக்குக் கழுத்தில் ஆபரேஷன். மூன்று மாதத்துக்குக் குரலே உயர்த்தக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ‘‘சினிமாவுல கும்மிப் பாட்டு எம்புட்டுக் கெடக்கு, ரேடியோ செட்டுக்காரர்ட்டச் சொல்லி அதப் போட்டு ஆடிட்டுப் போங்க’’ என்றார் சித்தப்பா. அவர் சொன்னதில் தப்பில்லைதான். ஆனால் எங்கள் ஊர்க் கும்மியில் எங்கள் ஊருணி இருக்கிறது, தெருக்கள் இருக்கின்றன, மழை பொய்த்த ஒரு வருஷம் இருக்கிறது. வேறெங்கும் அந்தப் பாட்டு கிடையாது. பெரியம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மதினிதான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். ‘‘பெரியத்தை, மெட்ட நான் பியானோவுல பதிஞ்சு தாரேன். மெட்டு முன்னால போனா வார்த்தை தன்னால வந்துரும்’’ என்றார். நேரிலேயே வாசித்தால் என்ன என்று கேட்டேன். ‘‘நானும் முளைப்பாரி போட்டிருக்கேன்ல. வட்டத்துல நிக்க வேணாமா?’’ என்றார். இரண்டு நாள் எங்கள் வீட்டுக் கூடம் கும்மிக் களமானது. பெரியம்மா காதோடு காதாக முனக, மதினி வாசித்துப் பார்த்தார். பிறகு என் அம்மாவையும் இன்னும் இரண்டு பேரையும் பியானோவைச் சுற்றிக் கும்மியடிக்க விட்டு, அவர்கள் கால்களைப் பார்த்துக்கொண்டே பதிந்தார். முதலில் பியானோவிலேயே இருக்கிற கைத்தட்டல் ஓசை, அதன்மேல் இடதுகைச் சுரங்கள், அதன்மேல் மெட்டு. ஒரு வரி சரியில்லை என்றால் அந்த வரியை மட்டும் அழித்துவிட்டு மறுபடி. ரசம் கொதித்து வழிந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

பியானோவின் பதிவு அப்படியே ரேடியோ செட் ஒலிபெருக்கியில் பாடாது. கம்ப்யூட்டரில் போட்டு மாற்ற வேண்டும். பென்டிரைவை என்னிடம் கொடுத்தார். திறந்து பார்த்தால் சுரங்கள் திரையில் கோணல்மாணலாகக் கிடந்தன. ஒவ்வொரு மூன்றாவது வரி முடிவிலும் ஒரு வெற்றிடம், அதுவும் ஒரே அளவில் இல்லை. பாவம், கை தடுமாறியிருக்கிறது என்று நினைத்தேன். வெற்றிடங்களை வெட்டினேன். சுரங்களைக் கட்டம் கட்டமாக நேராக்கினேன். பாட்டு கடிகாரம் மாதிரி ஓடியது. மதினிக்கு உபகாரம் செய்துவிட்ட பெருமையில் அதை அவரிடம் சொல்லக்கூட இல்லை.

முதல் சாயங்காலம் முப்பது பேர் வட்டத்தில் நின்றார்கள். முதல் இரண்டு வரி அருமையாகப் போனது. மூன்றாவது வரி முடிவில் குனிந்து தரையோரம் கைதட்டி, சுற்றி நிமிர வேண்டும். பாதிப் பேர் குனிந்தபடி இருக்கும்போதே நாலாவது வரி ஆரம்பித்துவிட்டது. தட்ட வேண்டிய கை பக்கத்து முதுகில் விழுந்தது. ஒருத்தி முழங்கை இன்னொருத்தி மூக்கில் பட்டது. சிரிப்பாய்ச் சிரித்து வட்டம் கலைந்தது. ‘‘மருதக்காரப் புள்ளைக்குக் கும்மியப் பத்தி என்னத்தா தெரியும்?’’ என்று யாரோ சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. நாற்காலியில் இருந்த பெரியம்மா தலை நிமிரவில்லை. மதினி என்னை ஒரே ஒரு தரம் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் என்ன நடந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்கும் புரிந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

‘‘எந் தப்புதான் மாமா. நாளைக்கு ஒருநா மட்டும் குடுங்க. அதுவும் சரியில்லன்னா நீங்க சினிமாப் பாட்டே போடுங்க’’ என்றார் மதினி, சித்தப்பாவிடம். முப்பது பேருக்கு நடுவில் என்னைக் காட்டிக்கொடுக்க ஒரு சொல் போதும். அவர் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் அழுதுகொண்டே, ‘‘இடைவெளியெல்லாம் நான்தான் மதினி வெட்டுனேன்’’ என்றேன். ‘‘தெரியும். அது கை தடுமாறிச் சொணங்குனது இல்ல, குனிஞ்சவங்க நிமிர்ற நேரம்’’ என்றார். கோபமே படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் உறுத்தியது. ‘‘கூடத்துல மூணு பேர வச்சுப் பதிஞ்சதும் பத்தாது. முப்பது பேர் வட்டத்துக்கு இன்னும் நேரம் வேணும். இன்னைக்கு எண்ணிட்டேன்.’’ எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது, அவமானத்துக்கு நடுவில், அந்த மனுஷி எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறார்! மறுநாள் முழுக்க உட்கார்ந்து புதிதாகப் பதிந்தார். முடிந்ததும் பென்டிரைவை மறுபடியும் என் கையில்தான் கொடுத்தார். அதற்காகவே அவரை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

அன்று மூன்றாவது வரி முடிந்ததும் மெட்டு நின்றது. கைத்தட்டல் ஓசை மட்டும் மெதுவாக எண்ணிக்கொண்டிருந்தது. கடைசி ஆள் நிமிர்ந்ததும் நாலாவது வரி வந்தது. இரண்டாம் சுற்றில் சிரிப்புப் போய் வேகம் வந்துவிட்டது. சினிமாப் பாட்டு என்ற பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

ஆனால் மதினி அதோடு விடவில்லை. தினமும் காலையில் பியானோவில் உட்கார்ந்து ஏதோ அழிப்பார், தினமும் புதுப் பதிவு தருவார். ஒருநாள் பின்பாட்டு வரிகளில் மெட்டு இல்லை. அடுத்த நாள் இரண்டாவது வரியிலும் இல்லை. நான் எதிலும் கை வைக்கவில்லை. ஒரு தரம் பட்டது போதாதா? மாற்றிக் கொடுப்பதோடு சரி. கடைசி நாள் திறந்து பார்த்தபோது மெட்டே இல்லை. தொடக்கத்தில் சுருதி பிடிக்க ஒரு சுரம், அதன்பிறகு கடைசி வரை வெறும் கைத்தட்டல். பதறிப்போய்ச் சமையல்கட்டுக்கு ஓடினேன். ‘‘மதினி, மெட்டக் காணோம்!’’

‘‘தெரியும். அப்படியே போடச் சொல்லு’’ என்று மாவைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

செட்டுக்காரர் போட்டார். அந்த ஒற்றைச் சுரம் ஒலித்து நின்றது. பிறகு முப்பது பேரும் ஒரே குரலில் முன்பாட்டை எடுத்தார்கள். ஊருணி வந்தது, தெருக்கள் வந்தன, மழை பொய்த்த வருஷம் வந்தது. ஒரு வரி பிசகவில்லை. இத்தனை வருஷமாகப் பின்பாட்டு மட்டுமே பாடியவர்கள், பியானோ பாடவில்லை என்பதையே கவனிக்காமல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கவனித்தது பெரியம்மா ஒருவர்தான். நாற்காலியிலிருந்து எழுந்து, ஸ்பீக்கர் பக்கமாகக் காதைத் திருப்பிக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என் தோளைப் பிடித்து அழுத்தி, டாக்டர் சொன்னதை மீறாத அந்தச் சன்னக் குரலில் சொன்னார்:

‘‘எந் தொண்டைய அம்புட்டுப் பேருக்கும் பங்கு வச்சுக் குடுத்துட்டாளே, பாவி மக!’’

பாவி மகள் வட்டத்தில் குனிந்து தட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அது கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. ‘‘எங்க மதினி’’ என்று செட்டுக்காரரிடம் சத்தமாகச் சொன்னேன், அவர் ஒன்றும் கேட்காமலே.