மாமாவின் கார் கிளம்பாத சனிக்கிழமை

எங்கள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் அம்மா முதலில் அதற்குத் திருநீறு பூசுவா. தையல் மெஷின், என் பள்ளிக்கூடப் பை, அப்பாவின் பனிச் சப்பாத்து, எல்லாவற்றுக்கும் மூன்று குறி. மாமா அந்தக் காரைக் கொண்டுவந்த அன்றும் கண்ணாடியில் பூசி, நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாயிற்று. ஆகவே நான் பிறகு செய்ததை ஒரு குழப்படி என்று நினைக்கவேயில்லை. எனக்கு அப்போது எட்டு வயது.

மாமா அம்மாவின் தம்பி. பிரெஞ்சு பேசும் குளிர்நாட்டு நகரத்தில், வில்லரே என்ற பகுதியில், எங்களோடு ஒரே வீட்டில் இருந்தார். உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. ஓய்வு நாளெல்லாம் அந்தக் காரோடுதான். அது எதிர்வீட்டுக் கிழவரின் வாலிப காலத்துக் கார். அவருக்குக் கண் மங்கியபின் பல வருடம் துணி மூடிக் கிடந்து, கடைசியில் மாமாவின் கைக்கு வந்தது. இரண்டே கதவு, கரும்பச்சை நிறம், வள்ளம் மாதிரி நீண்ட மூக்கு, எட்டு சிலிண்டர். ஸ்டார்ட் செய்தால் பின் ஒழுங்கையில் காயப்போட்ட உடுப்பெல்லாம் அதிரும். மாமாவின் நெஞ்சும் அதிர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மாமா கலியாணம் முடித்துப் பதினோராம் நாள் நாட்டை விட்டு வெளிக்கிட்டவர். நாலு வருடம் கழித்து மாமிக்கு விசா கிடைத்து, ஒரு ஆடி மாதச் சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு விமானம் வந்து இறங்க இருந்தது. பச்சைக் காரில் வந்து ஏற்றுவேன் என்று மாமா கடிதத்தில் எழுதியிருந்தார். தெரியாத ஊரில், பாஷையும் தெரியாமல், மாமி வாசலைப் பார்த்துக்கொண்டு தனியே நிற்கக்கூடாது. வீட்டில் எல்லாருக்கும் அது ஒன்றுதான் யோசனை.

ஒரு கிழமையாகக் கார் இடையிடையே இருமிக்கொண்டிருந்தது. சனி காலை மாமா எஞ்சினில் உள்ள டிஸ்ட்ரிபியூட்டர் என்ற வட்டப் பெட்டியின் மூடியைத் திறந்து எனக்குக் காட்டினார். உள்ளே இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள், ஒன்றையொன்று பார்த்தபடி. அதைத்தான் பாயிண்ட்ஸ் என்பார்கள். அவை தொட்டுத் தொட்டு விலகினால்தான் பொறி பிறக்கும், பொறி பிறந்தால்தான் கார் ஓடும்.

"இதுதான் பிள்ளை காரின்ரை உயிர்," என்றார்.

பழையது தேய்ந்து குழி விழுந்திருந்தது. அதைக் கழற்றிப் புதியதைப் பூட்டி, மெல்லிய தகட்டை நடுவில் விட்டு இடைவெளி அளந்தார். அதற்குள் அம்மா மேலேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டா. மூடியைப் போடாமலே போய்விட்டார்.

நான் ஒழுங்கையில் நின்று யோசித்தேன். கண்ணாடிக்குத் திருநீறு பூசியிருக்கிறது, சில்லுக்குத் தேசிக்காய் வைத்திருக்கிறது. உயிருக்கு மட்டும் ஒன்றுமில்லை. அது எவ்வளவு பெரிய பிழை! ஓடிப்போய்ச் சாமித்தட்டில் இருந்து ஒரு பிடி திருநீறு எடுத்து, முறைப்படி தண்ணீரில் குழைத்து, "பிள்ளையாரப்பா, மாமி தனிய நிக்கக்கூடாது" என்று சொல்லி அந்த இரண்டு பொட்டுக்கும் விரலால் நன்றாக அப்பிவிட்டு, மிச்சத்தை என் நெற்றியில் பூசிக்கொண்டேன்.

மாமா அவசரமாக இறங்கி வந்தார். உள்ளே பார்க்காமல் மூடியைப் பூட்டிச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. காலையில் இருமிய கார் இப்போது இருமவும் மறுத்தது.

ஒரு மணியாகியது. பிளக் வயரைக் கழற்றிப் பார்த்தார், பொறி இல்லை. பக்கத்தில் இருந்த கொண்டென்சர் என்ற சின்னக் குழாயை மாற்றினார், இல்லை. எதிர்வீட்டுக் கிழவர் மாடியில் இருந்தபடி, இன்றைக்கும் பஸ் ஓடுகிறதுதானே என்று பிரெஞ்சில் கத்திச் சிரித்தார். அப்பா தன் சின்னக் காரின் சாவியோடு வந்தார்.

"வா மச்சான், என்ரை காரிலை போவம்."

"இல்லை அத்தான், பச்சைக் காரெண்டு எழுதிப்போட்டன்."

"அவள் உன்னைக் கட்டினவளோ, காரைக் கட்டினவளோ?"

மாமா சிரிக்கவில்லை.  கடைசியாக ஒரு சின்னப் பல்பை வயரில் கொழுவி, அப்பாவைச் சாவி திருப்பச் சொன்னார். எஞ்சின் சுற்றும்போது அது மின்னி மின்னி அணைய வேண்டுமாம். அணையாமல் அப்படியே எரிந்தது.

"பாயிண்ட்ஸ் தொடேல்லை," என்றார். "இப்பதானே புதுசு போட்டனான்!"

மூடியைக் கழற்றி, டோர்ச் அடித்துக் குனிந்தார். கனநேரம் குனிந்தபடியே நின்றார். பிறகு நிமிர்ந்து என் நெற்றியைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். நான் பெருமையோடு அவரைப் பார்த்தேன்.

மாமா அப்பாவின் பொக்கெட்டில் இருந்த ஏதோ கடையின் அட்டைக் காட்டை வாங்கி, அதன் ஓரத்தை அந்தப் பொட்டுகளுக்கு நடுவே விட்டு இழுத்தார். திருப்பி இழுத்தார். காட் சுத்தமாக வரும்வரை இழுத்துவிட்டு மூடியைப் பூட்டினார். சாவியைத் திருப்பியதும் ஒழுங்கை அதிர்ந்தது. கிழவர் எழும்பி நின்று கை தட்டினார்.

"என்னடாப்பா பிழை?" என்று அப்பா கேட்டார்.

"கொண்டென்சர்தான் அத்தான். இப்ப சரி."

 பிள்ளையார் ஓட வைத்த காரை இந்த மனிதர் கொண்டென்சரின் கணக்கில் எழுதுகிறாரே! நன்றி கெட்ட மாமா. மாமாவை நினைக்க அவமானமாயிருந்ததால் அம்மாவிடமும் நான் சொல்லவில்லை. கலியாணமான புதிதில் என் கணவருக்கு இந்தக் கதையை அருளின் சாட்சியாகச் சொன்னேன். அவர் கராஜில் வேலை செய்கிறவர். குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணி அவருக்கு மூக்கால் வந்தது. பொறியை மறித்ததே என் திருநீறுதான் என்ற விஷயம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அதற்காக நான் திருநீறு பூசுவதை விட்டுவிடவில்லை. எங்கே பூசுவது என்றுதான் பார்த்துக்கொள்கிறேன்.

பெட்டிகளை ஏற்ற அப்பா தன் காரில் பின்னால் வந்தார். அம்மா சமையலோடு நின்றுவிட்டா. "பிள்ளை என்னோடை வரட்டும்," என்று மாமா என்னைப் பின் ஆசனத்தில் ஏற்றிக்கொண்டார். கடவுள் புண்ணியத்தில் விமானமும் கொஞ்சம் பிந்தியது. மாமி கதவால் வெளியே வந்தபோது நாங்கள் மூன்று பேரும் அங்கே நின்றோம். படத்தில் பார்த்ததைவிட மெலிந்திருந்தா. மாமா பூங்கொத்தை நீட்டினார். "சுகமா?" என்றார். "ஓம்," என்றா. அவ்வளவுதான்.

காரில் முன்னால் இருவரும் இருந்தார்கள். ஒரு கதை பேச்சு இல்லை. கன தூரம் வந்தபின், "குளிருதோ?" என்று மாமா கேட்டார். ஆடி மாத வெயிலில்! மாமி இல்லையென்று தலையாட்டினா. மறுபடியும் எஞ்சின் மட்டும் கதைத்தது.

சிவப்பு விளக்கில் கார் நின்றபோது மாமா அவவின் பக்கம் சாய்ந்து, கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்து, மெல்ல ஏதோ சொன்னார். மாமி திரும்பி என் நெற்றியைப் பார்த்தா. கைலேஞ்சியால் வாயைப் பொத்தினா, முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தா. மாமாவும் ஸ்டியரிங்கில் தலை வைத்துச் சிரித்தார். பச்சை விழுந்து பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடிக்கும்வரை இருவரும் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு வீடு வரும்வரை கதைதான். அவர் ஒன்று சொல்ல, அவ ஒன்று கேட்க, ஒருவர் பேச்சில் மற்றவர் விழுந்து.

காரின் சத்தம் மாமிக்குப் பிடித்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். பதினொரு நாள் சேர்ந்திருந்து, நாலு வருடம் காகிதத்தில் மட்டும் குடும்பம் நடத்திய இரண்டு பேருக்கு, முதல் கதை எங்கிருந்தாவது வரவேண்டியிருந்தது. அந்த வயதில் அது எனக்கு எங்கே விளங்கப்போகிறது? பிள்ளையாரின் பெயரை ஒரு வார்த்தை சொல்லாத மாமாவின் பிடரியை முறைத்தபடி, கை கட்டிக்கொண்டு, நான் கோபமாகப் பின்னால் இருந்தேன்.