ஒரு வாரம் முந்திக் கட்டிய காப்பு

நான் மலேசியாவுக்குப் பந்து விளையாடப் போகலாமா கூடாதா என்று ஒரு மாதம் எங்கள் ஊரே யோசித்தது. டீக்கடையில் யோசித்தார்கள், ரேஷன் கடை வரிசையில் யோசித்தார்கள். என்னிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. அப்போது எனக்குப் பதினாலு வயது. கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன்.

எங்கள் ஊர் திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. கண்மாய் வருஷத்தில் பாதி நாள் காய்ந்துதான் கிடக்கும். அந்தக் காய்ந்த கண்மாய்க்குள் விழுந்து எழுந்துதான் நான் கோலி ஆனேன். கோல் கம்பத்துக்கு நடுவில் நின்று பந்தைப் பிடிக்கிறவளை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கரிசல் காய்ந்தால் சட்டி ஓடு மாதிரி வெட்டும். முழங்காலும் முழங்கையும் ஆறவே ஆறாது. அம்மா திட்டிக்கொண்டே மஞ்சள் வைத்துவிடுவாள், மறுநாள் சாயங்காலம் அவளே போகவும் விடுவாள்.

அருப்புக்கோட்டையில் நான் படித்த பள்ளிக்கூடத்து அணியை மலேசியாவில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் கோடை விடுமுறையில் ஓர் ஆட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். போக, வர, தங்க எல்லாம் அவர்கள் பொறுப்பு. பி.டி. டீச்சரே வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசினார். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "எங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன் டீச்சர்" என்றார். கல்யாணத்துக்குச் சட்டை எடுத்தாலும் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கிறவர் அவர்.

அந்த அண்ணன், என் பெரியப்பா, ஊருக்குப் பெரியவர். கோயில் சாவி அவரிடம் இருக்கும். அவர் யாருக்கும் எதையும் கூடாது என்று சொல்லி நான் பார்த்ததில்லை. அதனால்தான் அவரைக் கண்டால் எல்லாருக்கும் பயம்.

பாஸ்போர்ட்டுக்காக விசாரிக்க ஒரு போலீஸ்காரர் பைக்கில் வந்து என் பேரைச் சொல்லி வீடு கேட்டார். போதாதா? யாரோடோ ஓடிப்போகப் பார்த்தேன், பிடித்துவிட்டார்கள் என்று மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சு. உண்மை தெரிந்ததும் அதைவிடப் பெரிய குற்றம் செய்தவளைப் போலப் பார்த்தார்கள். ஓடிப்போகிறவள் மதுரைக்குத்தான் போவாள், இவள் கடலைத் தாண்டுகிறாளே என்று.

பெரியப்பா என்னையும் அப்பாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "பிள்ளை தாராளமாப் போகட்டும். நம்ம வீட்டுப் பிள்ளை ஏரோப்ளேன்ல போறது நமக்குத்தான பெருமை" என்றார். பிறகு, "எப்பக் கெளம்புது?" என்று கேட்டார்.

"திங்கக்கிழமைண்ணே. மறுநா செவ்வாக்கிழமைதான் நமக்குக் காப்பு. அதுக்கு முன்னாடியே போயிரும்" என்றார் அப்பா.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வைகாசிப் பொங்கலுக்கு இரண்டு வாரம் முன்னால் அம்மன் கோயிலில் காப்புக் கட்டுவார்கள். கட்டிவிட்டால் பொங்கல் முடியும்வரை ஊர்க்காரர்கள் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. மீறினால் அம்மனுக்குக் கோபம் வரும், ஊரில் அம்மை போடும். காப்புக்கு முன்பே வெளியூர் போனவர்களுக்கு இது பொருந்தாது. லோடு ஏற்றிப் போகிற ஆண்களுக்கும் பொருந்தாது. அது எழுதாத சட்டம், ஆனால் அம்மனுக்கு நன்றாகத் தெரியும்.

"அப்பச் சரி" என்றார் பெரியப்பா. என் தலையில் கைவைத்து, "ஜெயிச்சுட்டு வா ஆத்தா" என்றார். நான் காலில் விழுந்து கும்பிட்டேன். இப்போது நினைத்தாலும் அந்தக் கும்பிடுதான் எனக்கு எரிகிறது.

நாலு நாள் கழித்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் அறிவிப்பு வந்தது. குறித்திருந்த செவ்வாய்க்கிழமை அஷ்டமி வருகிறதாம். அதனால் காப்பை ஒரு வாரம் முந்திக் கட்டுகிறார்களாம். எல்லாரும் கைகூப்புகிற படம் போட்டார்கள். அப்பாவும் போட்டார். ஒரு சாமியின் திருவிழாவையே நகர்த்தி வைக்கிற அளவுக்கு நான் பெரிய ஆள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அம்மா அடங்குகிற ஆள் இல்லை. டீச்சருக்குப் போன் போட்டாள். டீச்சர் வீடு அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில், பாளையம்பட்டியில். "காப்புக்கு முதல் நாளே அனுப்பிடுங்க. ஒரு வாரம் என் வீட்டுல இருக்கட்டும். அங்கிருந்தே கூட்டிட்டுப் போயிடறேன்" என்றார் டீச்சர். வழி இருந்தது. இனி அப்பா சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

"காப்புக்கு முன்னாடி போயிட்டா ஒரு பேச்சும் இல்லைல்ல?" என்று அம்மா கேட்டாள்.

"நாளைக்கு ஊருக்குள்ள ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டா யாரச் சொல்லுவாக? அண்ணன் எதுக்கு நாளை முன்னுக்கு வச்சாக, உனக்குத் தெரியாதா?"

"தெரியுதுல்ல? போய்க் கேளுங்க."

"அவுககிட்ட அதை எப்படிக் கேக்குறது?"

அம்மா எழுந்தாள். அலமாரிக்கு மேலிருந்த பையை எடுத்துத் தூசி தட்டினாள். அப்பா வெகுநேரம் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, போகட்டும்" என்றார். நான் அவரை அவ்வளவு பிரியமாக அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

காலையில் நானும் அம்மாவும் மெயின் ரோட்டு ஸ்டாப்பில் நின்றோம். பையில் இரண்டு செட் துணி, கையுறை, பாஸ்போர்ட், அம்மா செய்த பொரிவிளங்காய் உருண்டை. பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்தது. அதற்குள் பின்னாலிருந்து அப்பா வண்டியில் வந்து நின்றார். வழியனுப்ப வந்திருக்கிறார் என்று சிரித்தேன். அவர் என் தோளிலிருந்த பையைக் கழற்றி வண்டியின் முன்னால் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். வண்டியைத் திருப்பி ஊருக்குள் போய்விட்டார்.

பஸ் வந்து நின்றது. "ஏறுடி, பையை நான் கொண்டாந்து தாரேன்" என்றாள் அம்மா. நான் ஏறினேன். ஏறி ஒரு சீட்டில் உட்கார்ந்தும்விட்டேன். கண்டக்டர் விசில் கொடுக்கும்போது அப்பா திரும்பி வந்தார். பை இல்லை, வெறும் ஆளாக. பஸ்ஸுக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு ஏறி வந்து என் கையைப் பிடித்து இறக்கினார். பஸ்ஸில் இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையில், போலீஸ்காரர் வந்த அன்று ஊர் பேசியதெல்லாம் நிஜமாகிவிட்டது. மறுநாள் சாயங்காலம் கோயிலில் காப்புக் கட்டினார்கள். பெரியப்பா எனக்குத் திருநீறு பூசிவிட்டார்.

என் இடத்தில் இன்னொருத்தி போனாள். நல்ல பிள்ளைதான், ஆனால் பந்து வேகமாக வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். ஆட்டத்தன்று நான் கண்மாய்க்குள் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஆறு கோல் வாங்கினார்கள் என்று டீச்சரின் செய்தி வந்தது. சந்தோஷமாக இருந்தது. இன்னும் ரெண்டு வாங்கியிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

அந்த வாரக் கடைசியில் பெரியப்பாவின் மகள் திருப்பூரிலிருந்து பொங்கலுக்கு வந்தாள். இடுப்பில் மகன், மூன்று வயது. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அவனுக்கு உடம்பு கொதித்தது. மறுநாள் நெஞ்சில் நாலு கொப்புளம், அதற்கு மறுநாள் உடம்பெல்லாம். வாசலில் வேப்பிலை செருகினார்கள். திருப்பூரில் அவர்கள் இருந்த காம்பவுண்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஏற்கெனவே போட்டிருந்தது என்று அந்த அக்காவே எங்கள் அம்மாவிடம் சொன்னாள். சொன்னதைப் பிறகு ஒருவரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

கோயிலில் கூட்டம் கூடியது. சாமியாடி ஆடி முடித்து, "எல்லைய ஒரு கால் தாண்டிருக்கு" என்றார். பெரியப்பாவின் மூத்த மகன் கொத்தமல்லி மூடையை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் மதுரையில் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தான். அங்கேயே, முன்வரிசையில், நின்றுகொண்டும் இருந்தான். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பெரியப்பா என்னை முன்னால் வரச் சொன்னார். அப்பாவும் கூட வந்து நின்றார்.

"ஆத்தா, நீ எங்கயும் போகல. ஊருக்கே தெரியும்" என்றார் பெரியப்பா. குரல் அவ்வளவு மெதுவாக இருந்தது. "உடம்பு இங்கனதான் இருந்துச்சு. மனசு எங்க இருந்துச்சு?"

நான் அப்பாவைப் பார்த்தேன். இது என்ன கேள்வி என்று அவர் கேட்பார் என்று நினைத்தேன். அவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"அம்மன் முன்னாடி நிக்கிற. சத்தியமாச் சொல்லு. மனசால நீ போனியா, போகலையா?"

போகலை என்று சொல்லியிருக்கலாம். கண் அவிந்துபோகும் என்ற பயமெல்லாம் எனக்கு இல்லை. ஆனால் என்னிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதையும் இவர்களுக்குப் பயந்து இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"போனேன்" என்றேன். "டெய்லி போனேன்."

கூட்டத்தில் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். பெரியப்பா முகத்தில் கோபமே இல்லை, வேலை சுலபமாக முடிந்தவரின் நிம்மதிதான் இருந்தது. பிள்ளைக்கு அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை நான் தினமும் காலையில் ஊர்க் கிணற்றில் குளித்து, ஈரத் துணியோடு மஞ்சள் தண்ணீர்க் குடம் சுமந்து கோயிலை மூன்று சுற்றுச் சுற்றி அம்மன் படியில் ஊற்ற வேண்டும் என்றார். மிச்சத் தண்ணீரை அவர் வீட்டு வாசலில் தெளிக்க வேண்டும்.

"செஞ்சிரும்ணே" என்றார் அப்பா.

அம்மா அன்றைக்கு ராத்திரி அப்பாவுக்குத் தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, குழம்பை ஊற்றாமல் எழுந்து போனாள். அவர் தானே ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் நான் குடத்தோடு நடந்தேன். துணி காலைத் தடுக்கியது. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அப்பா எனக்கு இரண்டு எட்டுப் பின்னால் வந்துகொண்டிருந்தார். நான் ஒழுங்காகச் செய்கிறேனா என்று பார்த்து வரச் சொல்லி அவரை அனுப்பியிருந்தார்கள்.

கடையைத் தாண்டியதும் நான் திரும்பாமலே கேட்டேன். "ஏப்பா, நான் நெசமாவே போயிருந்தா என்ன செய்யச் சொல்லிருப்பாக?"

"இதத்தான்" என்றார்.

"அப்ப என்னைய எதுக்குப்பா பஸ்ஸை விட்டு எறக்குனீக?"

"தண்ணி சிந்துது பாரு" என்றார் அப்பா. "பாத்து நட."