லேப் மாமாவின் ஞாயிற்றுக்கிழமை ரொட்டி

என் அக்காவின் கணவருக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை ஊரார் டப்பாவில் கொண்டுவந்து கொடுக்கும் மலத்தைக் குச்சியால் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, பூச்சி முட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். சனிக்கிழமை சாயங்காலம் அதே கையால் ரொட்டிக்கு மாவு பிசைவார். சொல்லும்போதே எனக்குக் குமட்டுகிறது. கையுறை போடுவார், முழங்கை வரை சோப்புப் போடுவார், எல்லாம் தெரியும். தெரிந்து என்ன? மனசு கேட்க வேண்டாமா?

ஆனால் மனிதருக்கு அதில் இருந்த சுகத்தையும் சொல்லத்தான் வேண்டும். வாரமெல்லாம் வாயைத் திறக்காதவர், மாவில் கை வைத்ததும் பாட்டு முணுமுணுப்பார். ஞாயிறு காலை ரொட்டியை ஓவனிலிருந்து எடுத்துக் காதருகே பிடித்து, மேல்தோல் மொறுமொறுவென்று வெடிக்கும் சத்தத்தைக் கேட்டுத் தானாகச் சிரிப்பார். அப்புறம் ஒன்பது சொந்தக்காரர் வீட்டுக்கும் அவரே கொண்டுபோய்க் கொடுப்பார். மாடியில் குடியிருக்கும் எனக்குத்தான் முதல் ரொட்டி.

"பஞ்சு மாதிரி இருக்கு மாமா" என்பேன். அவர் படி இறங்கியதும் பழைய பேப்பரில் சுற்றிக் குப்பையில் போடுவேன். ஏழு வருஷமாக இந்தக் கூத்து. மற்ற எட்டு வீட்டிலும் இதே கதைதான். அவர் இல்லாத நேரம் ஒன்றுகூடினால் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். வெட்கங்கெட்ட கூட்டம், நானும் சேர்த்துத்தான்.

போன ஞாயிறு அக்காவும் அவரோடு மேலே வந்தாள். ரொட்டியோடு ஒரு காகிதத்தையும் நீட்டினார். வேலையை விடுவதாக எழுதிய கடிதம்.

"நாளைக்குக் குடுத்துடப் போறேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடைக்கு இடம் பாத்தாச்சு. ஒன்பது வீட்டுல ஒருத்தராவது இதுவரைக்கும் குறை சொல்லியிருக்கீங்களா? அந்தத் தைரியம்தான்."

அவர் ஒருத்தர் சம்பளத்தில்தான் அந்தக் குடும்பமே ஓடுகிறது. கடிதத்தைத் திருப்பி அவர் கையிலேயே திணித்தேன்.

"குடுக்காதீங்க மாமா. நாங்க யாரும் உங்க ரொட்டியைச் சாப்பிட்டதே இல்ல."

"ஏன், பிடிக்கலையா?"

"தெரியாது மாமா. வாயிலயே வச்சதில்ல. நீங்க பாக்கிற வேலை... அந்தக் கை..."

கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. ஒரு துண்டைப் பிய்த்து நீட்டினார்.

"இப்ப சாப்பிட்டுச் சொல்லு. நல்லா இல்லன்னா கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுடறேன்."

வாங்கி வாயில் வைத்தேன். இளஞ்சூடு. மெல்லும்போதே கண்ணாடித் தகடு கண் முன்னால் வந்து நின்றது. கழுவுதொட்டிக்கு ஓடித் துப்பிவிட்டேன். சீ, நானும் ஒரு மனுஷியா என்று இருந்தது. இருந்தும் மூன்று தடவை வாய் கொப்பளித்தேன்.

திரும்பி வந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயாவது சாப்பிட்டிருக்கியா?"

அக்கா தரையைப் பார்த்தாள்.

"எனக்குத்தான் காலையில பசிக்காதுன்னு சொல்லியிருக்கேன்ல" என்றாள்.