பாதி உருவிய குடை

யாங்கோனின் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் லேமினேஷன் கடை வைத்திருக்கும் இனாயத்துல்லாவுக்குத் தமிழ்ச் சங்கக் கவிதைப் போட்டியில் பத்தொன்பது வருடமாக ஆறுதல் பரிசுதான். பத்தொன்பது எவர்சில்வர் டம்ளர். முதல் பரிசு சங்கத் தலைவர் இராமையாவின் மைத்துனருக்கு. கவிதை வருடாவருடம் மாறும், மைத்துனர் மாற மாட்டார். "இன்னும் அஞ்சு தடவ தோத்தீங்கன்னா கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விடலாங்க," என்பாள் மனைவி ஹாஜரா. அவருக்குச் சிரிப்பு வராது. சாவதற்குள் ஒரு தடவையாவது ஜெயித்துவிட வேண்டும் அவருக்கு.

அப்போதுதான் பன்சொடான் தெரு நடைபாதைக் கடையில் அந்தப் பழைய புத்தகம் அகப்பட்டது. வேல்ஸ் நாட்டின் 1928ஆம் வருட நடப்புகள். யாங்கோனில் இருந்துகொண்டு வேல்ஸைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்காதீர்கள். ஹாஜரா கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அங்கே வருடாவருடம் கவிதைத் திருவிழாவாம். புனைபெயரில்தான் எழுதியனுப்ப வேண்டுமாம். வென்றவருக்கு ஒரு நாற்காலி. அந்த வருடம் ட்ரெயோர்க்கி என்ற ஊரில், தகுதியான கவிதை இல்லையென்று நாற்காலியை யாருக்குமே கொடுக்கவில்லையாம். அந்த ஊரில் தலைவருக்கு மைத்துனர் இல்லை போலிருக்கிறது.

சுரங்கங்கள் மூடி, பையன்கள் பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போன கதையும் அதே புத்தகத்தில் நாலைந்து பக்கம் இருந்தது. அதை அவர் வாசிக்காமல் புரட்டிவிட்டார். அவர் மகன் நசீர், கட்டாய ராணுவச் சேவைப் பட்டியலில் பெயர் வந்த வாரமே தாய்லாந்துக்கு ஓடிப்போய்ப் பதினெட்டு மாதம் ஆகிறது.

வெள்ளைக்காரச் சீமை வழக்கம், நம்ம போட்டியையும் இப்படியே நடத்துவோம் என்றதும் இராமையா உருகிவிட்டார். லத்தா பகுதிக் கடையொன்றில் ஒரு தேக்கு நாற்காலி வாங்கினார்கள். புத்தகத்தில் போட்டிருந்த சடங்கில் ஒரு புள்ளி குறையக்கூடாது என்று இனாயத்துல்லா ஒற்றைக்காலில் நின்றார். தலைவர் வாளைப் பாதி உருவி, "சமாதானமா?" என்று மூன்று முறை கேட்க வேண்டும். சபை மூன்று முறையும் "சமாதானம்" என்றால்தான் வாள் உறைக்குள் போகும், வென்றவர் நாற்காலியில் உட்காரலாம்.

"பாய், இந்தக் காலத்துல வாளத் தூக்கிட்டு வந்தா நாற்காலி கிடைக்காது, கம்பிதான் எண்ணணும்," என்றார் இராமையா. அதனால் வாளுக்குப் பதில் உறை போட்ட குடை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. தன்லியினிலிருந்து வந்த நடுவருக்கு இங்கே யாரையும் தெரியாது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வென்றவரின் பெயரை வாசித்தார்: "பத்தொன்பது டம்ளர்." ரகசியம் காக்க மனுஷன் வைத்துக்கொண்ட பெயர் அது, என்னத்தைச் சொல்ல! இனாயத்துல்லா எழுந்தார். கால் தரையில் பாவவில்லை. மைத்துனரின் முகத்தைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

மேடையில் இராமையா குடையைப் பாதி உருவினார்.

"சமாதானமா?"

சபை வாய் திறக்கவில்லை. போன வாரம் ஒத்திகையில் பத்துப் பதினைந்து பேர் கூவிப் பழகிய வார்த்தைதான். இன்று வந்திருந்தவர்களில் பாதிப் பேரின் பையன்கள் ஊரில் இல்லை.

"சமாதானமா?"

யாரோ இருமினார்கள்.

"பாய், நீங்களாவது சொல்லித் தொலைங்களேன்," என்று இராமையா பல்லைக் கடித்தார். "நாற்காலி ஒங்களுக்குத்தானே!"

கையெட்டும் தூரத்தில் இருந்தது நாற்காலி. இனாயத்துல்லா ஹாஜராவைப் பார்த்தார். அவள் மடியில் போனை வைத்திருந்தாள். நசீர் ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவான். போன ஞாயிறு பேசவில்லை.

"சமாதானமா?"

"இல்லீங்க," என்றார் இனாயத்துல்லா.

அவர் கொண்டுவந்த விதிதான், அவரே கீழே இறங்கினார். குடையை என்ன செய்வது என்று புத்தகத்தில் இல்லை, இராமையா அதைப் பிடித்தபடியே நின்றார். பிறகு பழக்கதோஷத்தில் மேசைக்கடியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து இனாயத்துல்லாவிடம் நீட்டினார்.

ஹாஜரா அதை வாங்கிப் பைக்குள் வைத்தாள். பிறகு போனை எடுத்துப் பார்த்தாள்.