றவூப் காக்காவின் கடதாசிப் பை

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மரணச் செய்தி சொல்லும் ஜனாஸா அறிவித்தல் போனபோது நான் சோற்றுக்கு உலை வைத்துக்கொண்டிருந்தேன். இன்னாரின் கணவர், இன்னாரின் மருமகன், இன்னாரின் மச்சான் என்று உறவுகளை அடுக்கி, கடைசியில்தான் பெயரைச் சொன்னார்கள். மருதமுனை றவூப். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மருதமுனையில் பிறந்து எங்கள் சாய்ந்தமருதில் கலியாணம் முடித்தவர். பதினொரு வருடம் எங்கள் மருந்து ஆய்வுகூடத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர். மூத்த அண்ணனைக் கூப்பிடுவது போல எல்லோரும் அவரைக் காக்கா என்போம். அறிவித்தலில் வராத அந்த வேலையைத்தான், அவரை அறிந்த உங்களுக்கு எழுதுகிறேன்.

சில மருந்துகள் தண்ணீரில் கரைவதில்லை. விழுங்கினாலும் உடம்பில் சேராமல் வெளியேறிவிடும். அவற்றைப் பொலிமரோடு சேர்த்து உருக்கிச் சட்டென்று குளிரவைத்தால், மருந்து படிகமாக ஒழுங்குகட்ட முடியாமல் சிதறி நிற்கும். அப்போது கரையும். ஆனால் ஈரக்காற்றுப் பட்டால், பாகு கற்கண்டாவது போல, பழையபடி படிகமாகிவிடும். கடற்கரையில் இருந்துகொண்டு இந்த வேலையில் இறங்கியது எங்கள் பைத்தியம்.

அப்படிச் செய்த குளிசை மாத்திரைகள் ஆறு மாதம் இறுக மூடிய போத்தலில் இருந்தும் அருமையாகக் கரைந்தன. நான் கட்டுரையை எழுதி முடித்துவிட்டேன். மறுநாள் காக்கா ஒரு கசங்கிய கடதாசிப் பையோடு வந்தார். மருந்துக்கடையில் குளிசை போட்டுத் தருவார்களே, அந்தப் பை. அதே குளிசைகளில் கொஞ்சத்தை எனக்குச் சொல்லாமலே கொண்டுபோய், ஆறு மாதமும் வீட்டுப் பிரிஜ்ஜின் மேல் வைத்திருந்திருக்கிறார். சோதித்தோம். பாதிகூடக் கரையவில்லை.

"ஆரு காக்கா உங்களச் செய்யச் சொன்ன?" என்று கத்திவிட்டேன்.

"மூடின போத்தலுக்குள்ள ஆரு மிஸ் மருந்து வைக்கிற? எங்கட உம்மாட குளிசையெல்லாம் பிரிஜ்ஜுக்கு மேலதான் கிடக்கு."

மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் கட்டுரையை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினேன். பிறகு இரண்டு வருடம் பொலிமரை மாற்றினோம், அளவை மாற்றினோம். எல்லாம் பிரிஜ்ஜின் மேல் தோற்றன. நான் அலுத்து உட்காரும்போதெல்லாம், "சரி மிஸ், தேத்தண்ணி குடிச்சிட்டுத் திரும்பச் செய்வம்" என்பார். சில நாள் அதைக் கேட்கவே எரிச்சலாக இருக்கும்.

கடைசிக் கலவையில் இருவருக்கும் நம்பிக்கை இருந்தது. புதுப் பையில் பென்சிலால் திகதி எழுதிக்கொண்டு போனார். இரண்டு வாரத்தில் மாரடைப்பு.

ஆறு மாதம் நிறைந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி பரீதா ராத்தா அந்தப் பையை ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் வைத்துக் கொண்டுவந்து தந்தார்.

"அவர்ட கடைசி வேல எண்டு, மௌத்தான அண்டைக்கே போத்தல்ல போட்டு இறுக்கி மூடிட்டன் மிஸ். பழுதாகாமத்தானே இருக்கு?"

முதல் இரண்டு வாரத்துக்குப் பிறகு ஈரக்காற்றே பட்டிருக்காது; சோதனை பாழ். "ஓம் ராத்தா, பத்திரமா இருக்கு" என்றேன். வேறென்ன சொல்ல?

சோதித்தேன். முழுதாகக் கரைந்தது. அந்த முடிவை எங்கும் எழுத முடியாது. ராத்தாவுக்கு வாசிக்கிற பழக்கம் இல்லை. நீங்களும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

இப்போது என் வீட்டுப் பிரிஜ்ஜின் மேல் அதே கலவையில் செய்த குளிசைகளோடு ஒரு கடதாசிப் பை கிடக்கிறது. பென்சிலால் திகதி போட்டிருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம்தான். களைப்பாக இருக்கிறது காக்கா. தேத்தண்ணி குடித்துவிட்டேன். திரும்பச் செய்கிறேன்.